குடியை விட மனம் எவ்வளவு தயார்?
அளந்து சொல்லும் சில கேள்விகள்

"இனிமே தொடமாட்டேன்னு இவரைச் சத்தியம் பண்ணச் சொல்லுங்க, மேடம்!"

பெங்களூரில் குடிநோய்ச் சிகிச்சைப் பிரிவு ஒன்றின் ஆலோசனை அறை. கணவனைக் கையோடு அழைத்து வந்திருக்கும் பெண் கேட்கும் முதல் வரம் இதுதான். பக்கத்தில் அவளுடைய அண்ணன். நடுவில் தலையைக் குனிந்தபடி கணவர்.

கணவர் தங்கவயல்காரர். 2001-ல் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, அந்த ஊரின் ஆயிரக்கணக்கான தமிழர்களைப் போல அவரும் விடியற்காலையில் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்கு வந்து இரவில் திரும்புகிறவர். வெல்டிங் வேலை. மாலை ரயிலுக்கு முன்னால் 'அலுப்புத் தீரக் கொஞ்சம்' என்று ஆரம்பித்த பழக்கம், இப்போது காலை ரயிலுக்கு முன்னாலும் கேட்கிறது. குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது.

சத்தியங்களுக்குக் குறைவே இல்லை. குழந்தையின் தலையில் கை வைத்து ஒன்று. கோயிலில் கற்பூரத்தை அணைத்து ஒன்று. மைத்துனர் முன்னிலையில் ஒன்று. எதுவும் இரண்டு வாரம் தாண்டவில்லை.

ஆலோசகர் சத்தியம் கேட்கவில்லை. ஒரு தாளை எடுத்துக் கோடு போட்டார். ஒரு முனையில் 0, மறு முனையில் 10.

"அண்ணா, குடியை விடறது இன்னிக்கு உங்களுக்கு எவ்வளவு முக்கியம்? முக்கியமே இல்லைன்னா சைபர். இதைவிட முக்கியம் வேற எதுவுமே இல்லைன்னா பத்து. நீங்க எங்கே இருக்கீங்க?"

நெடுநேரம் பேச்சில்லை. பிறகு அவருடைய விரல் ஓர் இடத்தில் நின்றது. மூன்று.

"பார்த்தீங்களா மேடம்! இவ்வளவு பட்டும் மூணுதான்!" என்று மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆலோசகர் அவர் பக்கமே திரும்பியிருந்தார். "மூணுன்னு சொன்னீங்களே அண்ணா, ஏன் சைபர் இல்லை?"

அந்தக் கேள்வியை அவர் எதிர்பார்க்கவில்லை. "சின்னப் பொண்ணு... நான் உள்ளே வந்தா, கதவுக்குப் பின்னால போய் நின்னுக்குது, மேடம்."

யாரும் மிரட்டி வாங்காமல் அவர் வாயிலிருந்து வந்த முதல் காரணம் அது.

இது ஓர் உதாரணக் காட்சிதான். பெயரும் ஊரும் தொழிலும் மாறலாம். ஆனால் அந்தக் கோடும், 'ஏன் சைபர் இல்லை' என்ற கேள்வியும் இன்று உலகம் முழுவதும் போதைச் சிகிச்சையில் கையாளப்படுபவை. அவற்றின் பின்னால் 40 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட ஆராய்ச்சி இருக்கிறது.

நோயை அளப்பது வேறு, மனத்தை அளப்பது வேறு

ஒருவர் எவ்வளவு குடிக்கிறார், உடம்பு எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை அளக்கப் பல வழிகள் உண்டு. இரத்தப் பரிசோதனை கல்லீரலின் நிலையைச் சொல்லும். உலக சுகாதார நிறுவனம் வகுத்த 'ஆடிட்' என்ற கேள்வித்தாளில் 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். மதிப்பெண் ஏற ஏற ஆபத்தும் ஏறும்.

ஆனால் ஒரே மதிப்பெண் வாங்கிய இரண்டு பேரில் ஒருவர் சிகிச்சைக்குத் தானே வருகிறார். மற்றவரை நான்கு பேர் சேர்ந்து இழுத்து வரவேண்டியிருக்கிறது. உடல்நோய் ஒன்றுதான். மனம் நிற்கும் இடம் வேறு. அந்த இடத்தைத் தெரிந்துகொள்ளாமல் எல்லோருக்கும் ஒரே மருந்து, ஒரே புத்திமதி என்று கொடுத்தால் பாதி வீணாகத்தான் போகும்.

ஐந்து படிகள்

இந்த இடத்தைக் கண்டறிய முயன்றவர்கள் அமெரிக்க மனோதத்துவ நிபுணர்களான ஜேம்ஸ் புரோச்சாஸ்காவும் கார்லோ டிக்ளமெண்டேயும். சிகரெட்டைத் தாமாகவே விட முயன்றவர்கள் உள்பட 872 பேரை ஆராய்ந்து 1983-ல் அவர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரு பழக்கத்தை விடுவது ஒரே நாளில் நடக்கும் காரியமல்ல. மனிதன் படிப்படியாகத்தான் அதை நோக்கி நகர்கிறான் என்பதே அது. பின்னர் திருத்தி அமைக்கப்பட்ட அந்தக் கணக்கின்படி படிகள் ஐந்து.

முதற்படியில் இருப்பவருக்கு விடவேண்டும் என்ற எண்ணமே கிடையாது. 'நான் என்ன ரோட்டிலா விழுந்து கிடக்கிறேன்?' என்பார். இரண்டாம் படியில் இருப்பவருக்கு இரண்டு மனம். விடவும் வேண்டும், விடவும் முடியவில்லை. அடுத்த ஆறு மாதத்துக்குள் விடவேண்டும் என்று நினைத்துக்கொண்டே வருடக்கணக்கில் அங்கேயே நிற்பவர்கள் உண்டு. மூன்றாம் படி ஆயத்தம். ஒரு மாதத்துக்குள் என்று முடிவு செய்து, யாரைப் பார்க்கலாம், எங்கே போகலாம் என்று விசாரிக்கத் தொடங்குவார். நான்காம் படி செயல். ஐந்தாம் படி, ஆறு மாதத்துக்கு மேலும் வழுக்காமல் காத்துக்கொள்வது.

இந்தப் படிக்கட்டில் ஏறியவர் சறுக்கிக் கீழே வருவதும் உண்டு. பலர் ஒன்றுக்கு மேற்பட்ட முறை ஏறி இறங்கிய பிறகே நிலைக்கிறார்கள். சறுக்கியவர் அநேகமாகப் பழைய முதற்படிக்கே போய்விடுவதில்லை. எங்கே வழுக்கும் என்று ஒரு பாடம் கற்றுக்கொண்டுதான் மறுபடி ஏறுகிறார்.

வீடுகளில் நடக்கும் தவறு இங்கேதான். இரண்டாம் படியில் தத்தளிப்பவரிடம் நான்காம் படிக்கான சத்தியத்தைக் கேட்கிறார்கள். அவரும் அந்த நேரத்துச் சங்கடம் தீரச் செய்து கொடுத்துவிடுகிறார். சத்தியம் உடைந்ததும், 'இவன் திருந்தவே மாட்டான்' என்று இரு தரப்பும் ஒருமனதாக முடிவு கட்டிவிடுகின்றன. உண்மையில் அவர் திருந்த மறுத்தவரல்ல. தயாராவதற்கு முன் தள்ளப்பட்டவர்.

கேள்வித்தாள்கள் பலவிதம்

எந்தப் படியில் ஒருவர் நிற்கிறார் என்று கண்டுபிடிக்கப் பல கேள்வித்தாள்கள் வந்தன. ரோட் ஐலண்டு பல்கலைக்கழகத்தில் 1983-ல் உருவான 'யூரிகா' கேள்வித்தாளில் 32 வாசகங்கள். ஒவ்வொன்றையும் எவ்வளவு ஒப்புக்கொள்கிறீர்கள் என்று ஐந்து நிலைகளில் சொல்லவேண்டும். எண்ணமே இல்லாமை, யோசனை, செயல், காத்தல் என்று நான்கு பகுதிக்கும் தனித்தனி மதிப்பெண். பின் மூன்று பகுதிகளின் சராசரியைக் கூட்டி, 'எனக்கு ஒரு பிரச்னையும் இல்லை' என்ற முதல் பகுதியின் சராசரியைக் கழித்தால் கிடைப்பது மனத்தயார்நிலை. மறுப்பு அதிகமானால் மதிப்பெண் குறையும்!

வேறு நோய்க்காகப் பொது மருத்துவமனைக்கு வரும் குடிகாரர்களிடம் சட்டென்று கேட்கத்தக்கதாக 1992-ல் வெறும் 12 கேள்விகளில் ஒன்று வந்தது. 1996-ல் வில்லியம் மில்லரும் டோனிகனும் வெளியிட்ட 'சாக்ரடீஸ்' கேள்வித்தாளில் 19 வாசகங்கள். பிரச்னையை உணர்ந்திருக்கிறாரா என்று அறிய 7, இரண்டு மனத்தில் இருக்கிறாரா என்று அறிய 4, ஏற்கெனவே ஏதாவது செய்யத் தொடங்கியிருக்கிறாரா என்று அறிய 8.

எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களிடம் 32 வாசகங்களை நீட்ட முடியுமா? அங்கேதான் அந்த 0 முதல் 10 வரையிலான கோடு கைகொடுக்கிறது. சிகரெட் பிடிப்பவர்களுக்காக 1991-ல் இதையே ஏணியாக வரைந்தார்கள். கீழ்ப்படி, 'நினைப்பே இல்லை'. மேற்படி, 'இறங்கிவிட்டேன்'. தாளும் பென்சிலும் இல்லாவிட்டால் கைவிரல் பத்து போதும்.

சபரிமலை மாலை சொன்ன பதில்

மனத்தயார்நிலை என்பதில் இரண்டு சரக்கு கலந்திருக்கிறது. ஒன்று, 'விடவேண்டும்' என்ற அவசியம். மற்றொன்று, 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை. அவசியம் பத்தாக இருந்தும் நம்பிக்கை இரண்டாக இருப்பவர் உண்டு. அவருக்கு மேலும் மேலும் புத்தி சொல்வதால் பயனில்லை. தைரியமும் வழியும்தான் வேண்டும்.

தங்கவயல்காரரிடம் ஆலோசகர் கேட்ட இரண்டாவது கேள்வி அதுதான். "விடறதுன்னு முடிவு பண்ணினா, முடியும்னு எவ்வளவு நம்பிக்கை?"

"ஆறு" என்றார் அவர், கொஞ்சம் யோசித்து.

எல்லோருக்கும் ஆச்சரியம். காரணம் கேட்டபோது சொன்னார்: "போன வருஷம் மலைக்கு மாலை போட்டேன் மேடம். நாப்பத்தெட்டு நாள் தொடலை."

மனைவிக்கு அது தெரியாத சங்கதியா? "சாமிக்குப் பயந்து இருக்கத் தெரியுது, எங்களுக்காக இருக்கத் தெரியலையே!" என்று வீட்டில் எத்தனையோ முறை குத்திக் காட்டியதுதான். ஆலோசகர் அதையே வேறு விதமாகக் கேட்டார். "அந்த நாப்பத்தெட்டு நாள் எப்படி இருந்தீங்க?"

"வேலை முடிஞ்சதும் நேரா ஸ்டேஷன். ராத்திரி பூஜை இருக்கும். கழுத்துல மாலை இருக்கறதால கூட்டாளிங்களும் கூப்பிடமாட்டாங்க."

குத்திக் காட்டியபோது வசவாக இருந்தது, கேட்டபோது வழிமுறையாகிவிட்டது. நேராக ரயில் நிலையம், மாலை நேரத்துக்கு ஒரு வேலை, அழைக்காத கூட்டாளிகள். சிகிச்சைத் திட்டத்தின் பாதியை நோயாளியே சொல்லிவிட்டார்.

நார்வேயில் பிறந்த முறை

இப்படிக் கேட்கும் கலைக்கு ஒரு கதை உண்டு. வில்லியம் மில்லர் என்ற அமெரிக்க மனோதத்துவப் பேராசிரியர் 1982-ல் நார்வே நாட்டில் பெர்கன் நகரையொட்டிய ஒரு குடிநோய் மருத்துவமனைக்குச் சென்றிருந்தார். அங்கிருந்த இளம் நிபுணர்கள் நோயாளிபோல நடித்து, அவரை ஆலோசனை சொல்லிக் காட்டச் சொன்னார்கள். சும்மா பார்த்துக்கொண்டும் இருக்கவில்லை. 'ஏன் இந்தக் கேள்வி கேட்டீர்கள்? ஏன் அதைக் கேட்கவில்லை?' என்று நடுநடுவே நிறுத்திக் குடைந்தார்கள். பதில் சொல்லிக்கொண்டே போனபோதுதான், தான் அறியாமலே ஒரு முறையைப் பின்பற்றி வந்திருப்பது மில்லருக்கே புரிந்தது.

அந்த முறை இதுதான்: வாதாடாதே. விடவேண்டிய காரணத்தை நீ சொல்லாதே. அவரே சொல்லும்படி கேள். 1983-ல் அவர் எழுதிய கட்டுரை பின்னர் ஒரு பெரிய சிகிச்சை முறையாகவே வளர்ந்தது.

'ஏன் பத்து இல்லை?' என்று கேட்டால் மனிதன் குடிப்பதற்கான காரணங்களை அடுக்குவான். 'ஏன் சைபர் இல்லை?' என்று கேட்டால் விடுவதற்கான காரணங்களைத் தேடுவான். ஒரு வார்த்தை மாற்றத்தில் பேச்சின் திசையே திரும்பிவிடுகிறது.

அதட்டினால் என்ன ஆகும்? 1993-ல் மில்லரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு அதற்குப் பதில் சொன்னது. ஆலோசகர் எவ்வளவுக்கெவ்வளவு எதிர்த்து வாதாடினாரோ, அவ்வளவுக்கவ்வளவு அந்த நோயாளி ஓராண்டு கழித்து அதிகமாகக் குடித்துக்கொண்டிருந்தார்!

கோவாவில் நடந்த சோதனை

இதெல்லாம் வெள்ளைக்காரர்களுக்குச் சரி, நம் நாட்டுக்கு ஒத்துவருமா என்று கேட்கலாம். கோவாவில் 10 ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது சோதிக்கப்பட்டு, 2017-ல் முடிவுகள் வெளியாயின. கேடு தரும் அளவுக்குக் குடித்த 377 ஆண்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். ஒரு பகுதியினரிடம் பேசியவர்கள் டாக்டர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள். இந்த முறையில் அதிகபட்சம் நான்கு சந்திப்புகள், ஒவ்வொன்றும் முக்கால் மணிக்கு மேற்படாதவை.

மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, ஆலோசனை பெற்றவர்களில் 100-க்கு 36 பேர் ஆபத்தான குடியிலிருந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 26 பேர். கடைசி 14 நாளில் ஒரு சொட்டும் தொடாதவர்கள் முதல் பிரிவில் 42, இரண்டாம் பிரிவில் 18. மாயமந்திரம் இல்லை. ஆனாலும் நான்கு முறை உட்கார்ந்து பேசியதற்கு இது சின்னப் பலனும் இல்லை.

இந்தச் செய்தியின் முக்கியத்துவம் தேசியக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். மத்திய அரசுக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் மது அருந்துவோர் சுமார் 16 கோடி. அதற்கு அடிமைப்பட்டவர்கள் 2 கோடியே 90 லட்சம். அடிமைப்பட்டவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மீதி 37 பேர் எந்தப் படியில் நிற்கிறார்கள் என்று கேட்டவர் எவருமில்லை.

எண்ணை எவ்வளவு நம்பலாம்?

ஆரம்ப எண்ணுக்கு மதிப்பு உண்டு. அமெரிக்காவில் 1,726 பேரை வைத்து நடந்து 1997-ல் முடிவு வெளியான பெரிய ஆய்வில், வெளிநோயாளிகளாகச் சிகிச்சை பெற்றவர்களிடையே, ஆரம்பத்தில் மனத்தயார்நிலை அதிகம் இருந்தவர்கள் பின்னாளில் குறைவாகவே குடித்தார்கள்.

ஆனால் இது ஜுரமானி அல்ல. வேலை போய்விடுமென்ற பயத்தில் முதலாளி அனுப்பி வருபவர் 'பத்து' என்று சொல்லிவிடுவார். சம்பள நாளன்று ஓர் எண், மறுநாள் தலைவலியோடு வேறோர் எண் வரும். மனைவி பக்கத்தில் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் ஒன்று. கேள்வி தாய்மொழியில் இல்லாவிட்டால் பதில் பாதிதான். கன்னடமும் தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் பெங்களூர் போன்ற ஊரில் இது முக்கியம். 'தமிழில் பேசும் ஆலோசகர் உண்டா' என்று கேட்பதில் வெட்கப்பட வேண்டியதில்லை.

படிகள் என்ற தத்துவத்தையே மறுப்பவர்களும் உண்டு. பிரிட்டிஷ் பேராசிரியர் ராபர்ட் வெஸ்ட் 2005-ல், இந்தப் படிக்கட்டுக் கணக்கை ஓய்வுக்கு அனுப்புங்கள் என்றே எழுதினார். ஆறு மாதம், ஒரு மாதம் என்று கோடு கிழிப்பது செயற்கையானது. திடீரென்று ஒரே நாளில் விட்டவர்கள் இல்லையா என்பது அவர் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் இந்த எண்ணைத் தீர்ப்பாக அல்ல, பேச்சைத் தொடங்கும் சாவியாகவே கொள்ளவேண்டும். 'மூன்றுதானா? பத்தானதும் வா' என்று ஒருவரைத் திருப்பி அனுப்புவது, காய்ச்சல் குறைந்தபின் மருந்துக்கு வா என்பது போல!

தயார் என்றால் உடனே நிறுத்தலாமா?

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். தினமும் அதிகமாகக் குடித்து, காலையில் கை நடுங்கும் நிலைக்கு வந்தவர், 'மனம் தயார்' என்று வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். கடைசியாகக் குடித்த ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரக்கூடும். இரண்டு மூன்று நாளில் சிலருக்கு நினைவு தடுமாறி, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரியும். இது பேயல்ல, பைத்தியமுமல்ல. மருத்துவமனையில் தகுந்த மருந்தால் அடக்கக்கூடியது. எனவே மனம் எவ்வளவு தயாராக இருந்தாலும், நிறுத்தும் நாளை டாக்டர் சொல்லட்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு

குடித்திருக்கும்போது பேசிப் பயனில்லை. தெளிந்திருக்கும் காலை நேரத்தில், குழந்தைகள் இல்லாதபோது, ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். எண் எதுவானாலும் ஏளனம் வேண்டாம். 'ஏன் சைபர் இல்லை' என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை பேசாமல் இருக்கவேண்டும். அதுதான் கஷ்டம்! எண் ஒன்று ஏறினால் அது முன்னேற்றம்தான். இறங்கினால், எது இறக்கியது என்று கேட்கலாம்.

அடி உதை இருக்கும் வீட்டில் இந்தப் பொறுமைப் பாடம் பொருந்தாது. முதலில் மனைவி மக்களின் பாதுகாப்பு. பிறகுதான் அவருடைய மனத்தயார்நிலை.

எங்கே போவது என்று தெரியாதவர்களுக்கு மத்திய அரசின் போதை மீட்பு உதவித் தொலைபேசி எண் 14446. கட்டணமில்லை. குடிப்பவர்தான் பேசவேண்டும் என்பதில்லை, வீட்டாரும் பேசலாம்.

தங்கவயல்காரரை டாக்டர் பரிசோதித்தார். கை நடுக்கத்தைப் பார்த்துவிட்டு, சில நாள் படுக்கையில் சேர்த்து நிறுத்துவதே நல்லது என்றார். அவர் உடனே சம்மதிக்கவில்லை. வேலையில் சொல்லிவிட்டு இரண்டு நாளில் வருவதாகச் சொன்னார். அதுவரை தானாக நிறுத்திவிடக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லி அனுப்பினார்.

அறையை விட்டுக் கிளம்பும்போது மனைவி வாசலில் நின்றாள்.

"அப்போ சத்தியம் வேணாமா மேடம்?"

"வேணாம் அக்கா. அது உடைஞ்சா இங்கே வரவே வெட்கப்படுவார். இரண்டு நாள் கழிச்சு அவர் வந்தா போதும்."

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. மூவரும் நேராக ஸ்டேஷனுக்கே நடந்தார்கள்.